செகண்ட் ஷிஃப்ட் சோறு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பாதி நெய்வேலி இன்றைக்கு உயிரோடு இருக்காது. இதை நான் காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம் சொல்லியிருக்கிறேன், பென்ஷனுக்குக் கைரேகை வைக்கப் போன இடத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடமும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். பாதி நெய்வேலி இல்லை, ஒரே ஒரு பெண்பிள்ளை. அவளுடைய இன்சுலின் பாட்டில் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், எலுமிச்சை ஊறுகாய்க்கும் இட்லி மாவுக்கும் நடுவில் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி, உயர்வு நவிற்சி அணிக்கு உதாரணம் சொல்லிச் சொல்லியே நாக்கு பழகிவிட்டது. இனிமேல் அதைத் திருத்த முடியாது.

ஆனால் இது ஃப்ரிட்ஜின் கதை இல்லை. அந்தப் பிள்ளையின் அப்பா கொளஞ்சியப்பனின் கதை. என் மகன் வயது என்பதால் அவன் இவன் என்றுதான் எழுத வருகிறது. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும். விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயிலில் ஊரே போய்க் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டும். மாடு காணோம், மருமகள் பேசவில்லை, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று எல்லாக் குறையையும் அந்தச் சாமி கேட்டுக்கொள்ளும். அந்தச் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷனிடம்கூட ஒரு குறை சொல்லத் தெரியாத ஆள் இவன்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, ரிட்டயர் ஆனவர்கள் வீடு கட்டிக்கொண்ட தெருவில் என் வீடு. பின்கட்டில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அதில் கொளஞ்சி, அவன் மனைவி தனம், மகள் இளவேனில் மூவரும் வாடகைக்கு இருக்கிறார்கள். கொளஞ்சி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கரியையும் மண்ணையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் பெல்ட் ஓடுகிறதே, அதிலிருந்து கீழே சிந்துவதை வாரி மறுபடி பெல்ட்டின் மேல் போடுவது அவன் வேலை. போட்டது மறுபடி சிந்தும். மறுபடி வாருவான். பெல்ட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து, வீட்டில் நிமிர்ந்து நிற்கும்போதும் ஒரு சாண் குனிந்தே நிற்பான். தனம் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் ஷெட்டுக்குப் போகிறாள். முந்திரித் தோட்டுப் பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் எல்லாம் உரிந்து கறுத்திருக்கும்.

காலை ஆறு முதல் இரண்டு வரை ஃபஸ்ட் ஷிஃப்ட், இரண்டு முதல் பத்து வரை செகண்ட் ஷிஃப்ட், பத்து முதல் விடிகாலை ஆறு வரை நைட். வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால்கூட, ‘அன்னைக்கு என்ன ஷிஃப்ட்டுன்னு பாத்துட்டுச் சொல்றேன்’ என்பார்கள். முகூர்த்தத்தை ஐயர் குறிப்பார், வருவதா வேண்டாமா என்பதை ஷிஃப்ட்தான் முடிவு செய்யும்.

கொளஞ்சியின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இரவுச் சோறு மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும். அவன் ஃபஸ்ட் ஷிஃப்ட்டானாலும் நைட்டானாலும் எட்டு மணிக்கு மூன்று தட்டு விழும். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் அவன் குளித்துவிட்டு உட்காரப் பதினோரு மணி ஆகும். அப்போதுதான் விழும். எவ்வளவு தூக்கம் வந்தாலும் பிள்ளை விழித்திருக்கும். குடித்தனம் வந்த புதிதில் நான் கேட்டேன்.

“ஏம்ப்பா, புள்ள பசி தாங்குமா?”

“சாயங்காலம் ஏதாச்சும் துன்னுவா டீச்சரம்மா. சோறு மட்டும் ஒண்ணாத்தான். எங்க வூட்ல அஞ்சு பேரு. அஞ்சு பேரும் ஒண்ணா ஒக்காந்து துன்னதா எனக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்ல. எங்கம்மா நடவுக்குப் போன எடத்துல கூழு குடிக்கும். எங்கப்பா களத்துல. நாங்க சட்டியில இருக்கறத ஆளுக்கொரு நேரம். எனக்குன்னு ஒரு வூடு வந்தா அப்பிடி இருக்கக் கூடாதுன்னு அப்பவே நெனச்சிக்கினு இருந்தேன்.”

காணி நிலம் இல்லாமல், அடுத்தவர் நிலத்தில் வாழ்ந்த குடும்பத்திலிருந்து வந்து, ஒருவன் தனக்கென்று சம்பாதித்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் அது. மூன்று தட்டு, ஒரே நேரம்.

இளவேனில் நாலாம் வகுப்புப் படிக்கும்போது துரும்பாக இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். இப்போது கூட்டிச் சொல்லவில்லை, தனம் அப்படித்தான் சொன்னாள். வயிற்றுப் பூச்சி என்றார்கள், காமாலை என்றார்கள், வெயில் என்றார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். பார்த்த டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் வருகிற சர்க்கரைக்காரர்கள் எல்லாம் தாத்தாக்கள். “பெரியவங்களுக்குன்னா நானே பாத்துக்குவேன். இது சின்னப் புள்ளைக்கு வர்ற சர்க்கரை. இதுக்குன்னு படிச்சவங்க இங்க யாரும் இல்ல. பாண்டிக்குப் போங்க, இப்பவே போங்க” என்றார். போனார்கள். பாண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பிழைக்க வைத்தார்கள். காலை ஒரு ஊசி, இரவு ஒரு ஊசி, சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், சர்க்கரைப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் ஒருநாள் இருக்கிறது, மாதம் ஒருமுறை அந்த நாளில் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பிய அன்று தனம் எதையோ முந்தானையில் மூடிக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

“டீச்சரம்மா, ஒரு மருந்து. ஃப்ரிட்ஜுல வெச்சிக்கிறீங்களா? யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க.”

“கேக்கல. ஆனா யாருக்கா இருந்தாலும் வேளைக்கு எடுத்துக் குடுக்கணுமே, எனக்குத் தெரிய வேணாமா?”

அவள் அழுதாள். “பொம்பளப் புள்ள டீச்சரம்மா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்கினு போவான்?”

பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு அதற்குள் மாப்பிள்ளைக் கவலை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்காமல் பாட்டிலை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். அன்றிலிருந்து ஊசி போடுவது என் வேலையாயிற்று. முந்திரிப் பாலில் உரிந்த விரல்களால் தனத்துக்கு சிரிஞ்சை அந்தச் சின்னக் கோட்டில் பிடித்து மருந்தை இழுக்க வரவில்லை. காலையில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை. டிவியில் தலைப்புச் செய்தி தொடங்கும்போது இளவேனில் வந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்பாள். “ஆயா, இன்னைக்கு ஒரு பொய்க் கதை சொல்லிக்கினே போடு, வலிக்காது” என்பாள். வீராணம் ஏரி முதலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்ட கதை அப்படி உருவானதுதான். கதை முடியும்போது ஊசியும் முடிந்திருக்கும். பிள்ளை பின்கட்டுக்கு ஓடிவிடும். எட்டு மணி ஊசி எனக்குத் தெரியும், பதினோரு மணிச் சோறு தனத்துக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஊசி சாப்பாட்டுக்கு முன்னால்தானே போடப்பட்டது?

மாதம் ஒருமுறை பாண்டிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு பெரிய யோசனை நடந்தது. தனம் வேலை செய்யும் ஷெட்டில் பாதிப் பேர் அவள் சொந்தக்காரப் பெண்கள். லீவு என்றால் எதற்கு என்பார்கள். கொளஞ்சிக்கு ஃபஸ்ட் ஷிஃப்ட் என்றால் பகல் முழுக்க வேலை. செகண்ட் என்றால் பாண்டி போய் இரண்டு மணிக்குள் திரும்ப முடியாது. நைட் வாரத்தில் மட்டும் வழி உண்டு. காலை ஆறு மணிக்கு வேலை விட்டதும், கண்ணிமையில் கரித்தூளோடு அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவான். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அவனிடம் விடுவேன். வடலூர் தாண்டுவதற்குள் அவன் தலை பிள்ளையின் தோளில் சாய்ந்துவிடும். கடலூரில் அவள்தான் அவனை எழுப்புவாள். யார் யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

போய்விட்டு எந்நேரமானாலும் அன்று இரவும் வேலைக்குப் போக வேண்டும். சில மாதம் திரும்பும் வழியில் பஸ் கெட்டுப்போய் நேரமாகிவிடும். அப்படி ஒருநாள் நேரமாகிவிட்டதற்கு சூப்பர்வைசர் அறிவழகன் காரணம் கேட்டார். அந்த நேரத்தில் கொளஞ்சியின் வாயில் வந்தது, “கோர்ட்டுக்குப் போயிருந்தேங்க.”

“என்னா கேசு?”

“நெலத்துக் கேசுங்க.”

எங்கள் பக்கத்தில் நிலத்துக் கேஸ் என்றால் யாரும் மேலே துருவ மாட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், கொடுத்த விலை போதாதவர்கள் என்று தெருவுக்கு நாலு பேரிடம் கேஸ் உண்டு. அறிவழகனுக்கே ஒன்று இருந்தது. அதனால் அவர் மேலே துருவாமல், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. “எத்தினி காணி?” என்றார். கொளஞ்சி “அரைக் காணிங்க” என்றான். வேட்டி துவைத்துக் காயப் போடக்கூடச் சொந்த மண் இல்லாதவனுக்கு அரை நிமிஷத்தில் அரைக் காணி வந்தது. அன்று முதல் பெல்ட் ஷெட்டில் அவன் பெயர் வக்கீல்.

“என்னா வக்கீலு, வாய்தா எப்ப?” என்று கூட வேலை செய்யும் ராயப்பன் கேட்பான்.

“அடுத்த மாசம்டா.”

“ஜெயிச்சா எங்களுக்குப் பிரியாணி போடுவியா, இல்ல அரைக் காணியில கம்பு வெதச்சி அதையும் நீயே துன்னுவியா?”

கொளஞ்சி சிரித்துவைப்பான். இதை அவன் என்னிடம் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துச் சொன்னான். உண்மையைச் சொல்லியிருந்தால் ராயப்பன் ஒரு வாரம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருப்பான், அது அங்கே சகஜம். ஆனால் மகளுக்குச் சர்க்கரை என்று சொல்வதை விட இல்லாத நிலத்துக்குச் சொந்தக்காரனாக இருப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

இதற்கிடையில் பிள்ளைக்குப் புதிதாக ஒன்று வர ஆரம்பித்தது. சில ராத்திரிகளில் நடுங்குவாள். வேர்த்து ஊற்றும். கூப்பிட்டால் யாரையோ பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஒருமுறை கைகால் இழுத்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று தனம் பயந்து, ஒரு வாய்கூடக் கொடுக்காமல் வெந்தயத் தண்ணீர் கொடுப்பாள். அதுவும் கொளஞ்சி வீட்டில் இல்லாத இரவுகளில் மட்டும் வரும். அவன் வந்து மடியில் போட்டுக்கொண்டு, சோறு பிசைந்து நாலு வாய் ஊட்டினால், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவாள்.

“அவுங்கப்பா மூஞ்சியப் பாத்தாத்தான் புள்ளைக்குத் தெளியுது டீச்சரம்மா” என்றாள் தனம்.

கொளஞ்சிக்கு அதில் எவ்வளவு பெருமை! பெல்ட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வாரிக்கொண்டிருக்கும் ஒருவனின் முகத்துக்கு அப்படி ஒரு சக்தி. செகண்ட் ஷிஃப்ட் முடிந்ததும் ஓடி வருவானாம். நானும் சும்மா இருக்கவில்லை. பெயரை மாற்றி, ஊரை மாற்றி, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் உயிர் திரும்பிய ராஜகுமாரி என்று பெங்களூரில் இருக்கும் என் பேரன்களுக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். நல்ல கதை. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த நடுக்கத்தைப் பற்றிப் பாண்டியில் அவன் வாய் திறக்கவில்லை. சர்க்கரையோடு வலிப்பும் சேர்ந்துவிட்டது என்று ஆகிவிடக் கூடாதே. டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், இவன் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வான்: “நல்லாருக்கா மேடம். ஒரு கொறையும் இல்ல.”

சென்ற ஆனி மாதம் நானும் கூடப் போனேன். அதற்கு முந்தைய தடவை அப்பாவும் மகளும் சேர்ந்தே தூங்கிப்போய் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் வருகிறேன், என் வாய் ஓயாது, யாரும் தூங்க முடியாது என்றேன். கூட்டத்தில் காத்திருந்து, ரத்தம் கொடுத்து, ஊசி போட்டு, பொட்டலத்தை மடியில் பிரித்து இட்லி சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்து, எங்கள் முறை வரும்போது நடுப்பகல் ஆகிவிட்டது. டாக்டர் நந்தினி என்று ஒரு சின்னப் பெண். சேலம் பக்கத்துப் பேச்சு.

“எப்படிப்பா இருக்கா?”

“நல்லாருக்கா மேடம். ஒரு கொறையும் இல்ல” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொளஞ்சி கண்ணயர்ந்துவிட்டான். டாக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியைப் பிள்ளையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அப்பா தூங்கட்டும். நீ சொல்லு பாப்பா. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவே?”

இளவேனில் கேட்டாள், “எந்த ஷிஃப்ட்டுக்குக் கேக்கறீங்க மேடம்?”

டாக்டருக்குச் சிரிப்பு. “அடேங்கப்பா, நீ எங்க வேலைக்குப் போறே?”

“எங்கப்பா ஷிஃப்ட்டு மேடம். நைட்டுன்னா எட்டு மணி. ஃபஸ்ட்டுன்னாலும் எட்டு மணி. செகண்டுன்னா அப்பா வரணும். பதினொண்ணு ஆவும்.”

“ஊசி?”

“அது எப்பவும் எட்டு. ஆயா போடும்.” என்னைக் கை காட்டினாள்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. “செகண்ட் ஷிஃப்ட்ல, எட்டு மணிக்கு ஊசி போட்டுட்டுப் பதினொண்ணு வரைக்கும் என்ன பண்ணுவே?”

பிள்ளை தூங்குகிற அப்பாவைப் பார்த்தாள். “அதச் சொல்லக் கூடாது.”

அதற்குள் கொளஞ்சி விழித்துவிட்டான். டாக்டர் அவனைக் கேட்டார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் அவன் தனக்குத் தெரிந்த நல்ல பக்கத்தைச் சொன்னான். “எப்பவாச்சும் கொஞ்சம் நடுங்குவா மேடம். நான் இல்லாத நேரத்துல மட்டும். நான் வந்துட்டா செரியாப் பூடும். எம் மூஞ்சியப் பாத்தா தெளிஞ்சிருவா.” கொஞ்சம் சிரித்தான்கூட.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று பிறகு அவன் சொன்னான்.

“அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. ஊசி மருந்து உள்ள போனதும் வேலையை ஆரம்பிச்சிடும். சாப்பாடு வந்திருந்தா அந்தச் சர்க்கரையைக் கரைக்கும். சாப்பாடு வரலைன்னா, உடம்புல இருக்கற கொஞ்ச நஞ்சச் சர்க்கரையையும் கரைச்சிடும். மூளைக்குக் கிடைக்க ஒண்ணும் இருக்காது. அதான் நடுக்கம், வேர்வை, இழுப்பு. அவளுக்குச் சர்க்கரை ஏறலை, இறங்குது. பாதாளத்துக்கு இறங்குது. அந்த நேரத்துல ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடுத்திருந்தாப் போதும். அவ தெளிஞ்சது நீங்க ஊட்டின சோத்துல.”

கொளஞ்சி பிள்ளையின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு, “எனக்காகத்தான மேடம் அவ சாப்டாம இருந்தா” என்றான். கேள்வி மாதிரி இல்லை.

“நீங்க எப்பவும் நைட் ஷிஃப்ட் வாரத்துலதான் வருவீங்களா?”

“அப்பத்தான் வர முடியும்.”

“அந்த வாரத்துல இவ எட்டு மணிக்குச் சாப்பிடுறா. எல்லாம் அழகா இருக்கு. செகண்ட் ஷிஃப்ட் வாரத்து இளவேனிலை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லைப்பா.”

எட்டு மணிக்கு ஊசி போட்ட கை என்னுடையது. அதை மடியில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே சொல்வதற்கு என்னிடம் ஒரு கதையும் இல்லை.

அடுத்த வாரம் பிள்ளையை மூன்று நாள் வார்டில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். மருந்தை மாற்ற வேண்டும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஏற்றபடி போடும் முறையைச் சொல்லித்தர வேண்டும். “அம்மா வரட்டும். ஆனா உங்க வீட்டுல சாப்பாட்டு நேரத்தை முடிவு பண்றது நீங்க. நீங்களும் வரணும். அதுக்குள்ள அவளை எட்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் காக்க வெக்காதீங்க. அடுத்த தடவை இழுப்பு வந்து, நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் லேட்டாச்சுன்னா...” வார்டில் சேர்ப்பதற்கான சீட்டை எழுதி அவன் கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கொளஞ்சி தூங்கவில்லை. நான் பார்த்த வரையில் நைட் முடித்துவிட்டு அவன் பஸ்ஸில் தூங்காமல் வந்தது அன்றுதான். பிள்ளையை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். கடலூரில் நான் கூப்பிட்டேன்.

“வந்து ஒக்காருப்பா.”

“வேணாம் டீச்சரம்மா.”

“எத்தனை நேரம் நிப்பே?”

“எம் மூஞ்சியப் பாத்துன்னு நெனச்சிக்கினு இருந்தேன் டீச்சரம்மா” என்றான். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கொளஞ்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று எட்டு மணிக்கு ஊசி போட்டுவிட்டு, கதை சொல்லாமல், நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அன்றைக்கும் நைட் வாரம்தான், மூன்று தட்டு விழ வேண்டிய நாள். தனம் இரண்டு தட்டு வைத்திருந்தாள். கொளஞ்சி தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் துணி துவைக்கும் கல்லருகே போய், மதிலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பா ஏன் அங்க?” என்றாள் பிள்ளை.

“நீ சாப்புடு. சூடு ஆறிடும்” என்றாள் தனம். பிறகு என்னிடம் மெதுவாக, “கூப்டாதீங்க டீச்சரம்மா. நான் கூப்டுப் பாத்துட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வரச் சொல்றன்னு கேக்குறாரு” என்றாள்.

அடுத்த வாரம் அவனுக்குச் செகண்ட் ஷிஃப்ட். மூன்று நாள் வேண்டும் என்றால் காரணம் வேண்டும். கோர்ட்டில் மூன்று நாள் தொடர்ந்து வாய்தா கொடுக்க மாட்டார்கள், அது அறிவழகனுக்கு அவனை விட நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரை அவன் கேட்கவில்லை. தனம் துணி மூட்டை கட்டி வைத்துவிட்டாள். கேட்டாயா என்று நான் கண்ணால் கேட்பேன், அவன் செருப்பைத் தேடுவான்.

கடைசியில் கேட்டான். எப்படிக் கேட்டான் என்பதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். இப்படி:

‘டீ நேரம். பெல்ட் ஷெட்டில் நாற்பது பேர். கொளஞ்சியப்பன் எழுந்து நின்றான். வாழ்நாளில் முதன்முறையாக முழுதாக நிமிர்ந்து நின்றான். “எனக்கு நிலம் இல்லை. கேஸும் இல்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை” என்று இடி மாதிரி முழங்கினான். நாற்பது பேரும் டீக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். சூப்பர்வைசர் அறிவழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூன்று நாள் என்ன, முப்பது நாள் போ” என்றார்.’

பெயரைப் போட்டு எழுதியிருப்பதால், அச்சுக்கு அனுப்பும் முன் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இளவேனில் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கடைசிப் பத்தி வந்ததும் தலையை நிமிர்த்தினான்.

“பேர மாத்தட்டுமாப்பா?” என்றேன்.

“பேரு இருக்கட்டும் டீச்சரம்மா. இனிமே என்னா. அந்த நாப்பது பேருதான் வேணாம்.”

“ஏன்?”

“நாப்பது பேரு இல்ல. ராயப்பன் ஒருத்தன்தான். டீ நேரமும் இல்ல, பெல்ட்டு ஓடிக்கினு இருந்துச்சி. அது ஓடுறப்ப பக்கத்துல கத்துனாக்கூட ஒண்ணும் கேக்காது. அதுக்குன்னுதான் அந்த நேரமாப் பாத்துச் சொன்னேன். அவன் மண்ணு வாருற சவுல கீழ போட்டுட்டு கிட்ட வந்து என்னாடான்னான். மறுக்கா சொல்ல வேண்டியதாப் போச்சி.” தரையில் போட்ட கோட்டை உள்ளங்கையால் அழித்தான். “மொத வாட்டி ஒண்ணும் கஷ்டமா இல்ல. ரெண்டாவது வாட்டிதான்.”

“அறிவழகன்?”

“ராயப்பன்தான் போயிச் சொன்னான். நான் பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். அவரு அழுவல. ‘அப்ப அந்த அரைக் காணி?’ன்னு கேட்டாரு. நான் தரையப் பாத்துக்கினு இருந்தேன். போயிட்டு வான்னாரு.”